துரு, பழைய பெயின்ட் எடுக்க லேசர் மெஷின்: 1500 வாட் கன்டினியுவஸா, 200 வாட் பல்ஸா?

பட்டறைவாசி (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். பழைய மெஷின், பழைய வண்டி பாடி பார்ட்ஸ் இதெல்லாம் துரு எடுத்து மறுபடி பெயின்ட் அடிச்சு ஓட வைக்கிறதுதான் என் வேலை. இதுவரைக்கும் கிரைண்டர்ல வயர் கப், பெயின்ட் ரிமூவர், கொஞ்சம் ஆசிட், பெரிய பீஸ்னா வெளிய குடுத்து சாண்ட் பிளாஸ்டிங்னு ஓடிட்டிருக்கு. வயர் கப்ல நாள் பூரா நின்னா கை மரத்துப் போகுது, தூசி தாங்கல, அதோட ஓரமெல்லாம் மழுங்கிப் போகுது, அதான் லேசர் பக்கம் பார்க்க ஆரம்பிச்சேன்.

குழப்பம் என்னன்னா, ஒருத்தர் 1500 வாட் மெஷின் காட்டுறார், வெல்டிங் கட்டிங் கிளீனிங் மூணும் ஒரே கன்ல, வாட் ஏற ஏற வேகம் ஏறும்னு சொல்றார். இன்னொருத்தர் 200 வாட் பல்ஸ் மெஷின் காட்டுறார், ஆனா இதுதான் அதை விட விலை ஜாஸ்தி! ஏழு மடங்கு பவர் இருக்கிறது எப்படி விலை கம்மியா இருக்கும்னு எனக்குப் புரியல.

எனக்கு வர்ற வேலை: 0.8 மிமீ தகடு, அதுல மூணு நாலு கோட் பெயின்ட், அடியில பள்ளம் நிரப்பின பழைய பட்டி (புட்டி). அப்புறம் லேத் பெட், கியர், வைஸ் மாதிரி வார்ப்பு இரும்பு, ஸ்டீல் சாமான். லேசர் போட்ட மேல பெயின்ட் பிடிக்குமா, தகடு வளையுமா, கண்ணுக்கு என்ன பாதுகாப்பு வேணும், இதெல்லாம் கையில பிடிச்சு வேலை பார்த்தவங்க சொன்னா நல்லா இருக்கும். வீடியோல பார்க்கிறதை மட்டும் நம்பி இறங்க மனசு வரல.

ஃபைபர்_சர்வீஸ்:

நல்ல கேள்வி, வாங்குறதுக்கு முன்னாடி கேட்டது இன்னும் நல்லது. நான் ஃபைபர் லேசர் (கண்ணாடி இழை வழியா பீம் வர்ற லேசர்) சர்வீஸ்ல இருக்கேன், ரெண்டு வகையும் தினமும் பிரிச்சு மாட்டுறவன், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

ரெண்டுமே கிட்டத்தட்ட 1064ல இருந்து 1080 நானோமீட்டர் அலைநீளம், கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட். வித்தியாசம் அந்த எனர்ஜிய எப்படி விடுதுங்கிறதுலதான். 1500 வாட் கன்டினியுவஸ் மெஷின் விடாம ஒரே சீரா 1500 வாட் ஊத்திக்கிட்டே இருக்கும். பல்ஸ் மெஷின் எனர்ஜிய சேர்த்து வச்சு சேர்த்து வச்சு 100 நானோசெகண்ட் மாதிரி ஒரு கண நேரத்துல மொத்தமா விடும், செகண்டுக்கு ஆயிரக்கணக்குல. கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு பல்ஸ்ல 15 மில்லிஜூல் இருக்குன்னு வைங்க, அது 100 நானோசெகண்டுல வெளிய வந்தா அந்த நொடித்துளியில பவர் 1,50,000 வாட். அதாவது அந்த 1500 வாட் மெஷினை விட நூறு மடங்கு. ஆணிய கையால எவ்ளோ அமுக்கினாலும் மரத்துல இறங்காது, சுத்தியலால ஒரு தட்டு தட்டினா இறங்கும்ல, அதே கதைதான்.

துருவும் பெயின்டும் அந்த அடிய வாங்கின உடனே ஆவியாகுது, சிதறுது, சூடு கீழ இருக்கிற இரும்புக்குப் பரவ நேரமே கிடைக்காது. துரு இந்த அலைநீளத்தை நல்லா உறிஞ்சும், சுத்தமான பளபள ஸ்டீல் பாதிக்கு மேல திருப்பி அனுப்பிடும். அதோட ஸ்டீலை ஆவியாக்க துருவுக்குத் தேவைப்படுறதை விட அதிக எனர்ஜி வேணும். அதனால செட்டிங் சரியா இருந்தா துரு போனதும் வேலை தானா நின்னுடும், அடி உலோகத்தை தின்னாது. இந்த தானா நிக்கிற குணத்துக்குத்தான் நீங்க அந்த விலை குடுக்கிறீங்க.

கன்டினியுவஸ்ல அது கிடையாது. அது சூடு பண்ணித்தான் எடுக்கும். கப்பல் தகடு, கனமான இரும்பு உத்திரம், தடிமனான மில் ஸ்கேல் (சூடா உருட்டுறப்ப இரும்பு மேல படியிற கறுப்பு ஆக்சைடு), இதுக்கெல்லாம் அது ராஜா, வேகமும் உண்டு. உங்க 0.8 மிமீ தகட்டுல அதை கொண்டு போனீங்கன்னா வளையும், அலை அலையா நெளியும், அப்புறம் டிங்கரிங் வேலை தனி. கடினப்படுத்தின கியர், ஷாஃப்ட்ல இன்னும் கவனம் வேணும், இரும்பு நீல நிறத்துக்கு மாறிச்சுன்னா அந்த இடம் 300 டிகிரி பக்கம் போயிருக்குன்னு அர்த்தம், அந்த சூட்டுக்கு பல கியரோட கடினத்தன்மை இறங்கிடும். வைக்கோல் மஞ்சள் நிறம் தெரிஞ்சாலே 220 பக்கம் வந்தாச்சு.

இன்னொரு விஷயம், 200 வாட் பல்ஸ்னு போட்டா மட்டும் போதாது, ஒரு பல்ஸுக்கு எத்தனை மில்லிஜூல்னு கேளுங்க. ஒரே 200 வாட்ல 1.5 மில்லிஜூல் மெஷினும் இருக்கு, 10, 15 மில்லிஜூலுக்கு மேல குடுக்கிறதும் இருக்கு. 1.5 மில்லிஜூல்காரனுக்கு லேசர் பீம் ஊசி மாதிரி, மெல்லிசு துரு, நுணுக்கமான வேலை, மோல்டு கிளீனிங் ஓகே, ஆனா தடிமனான பெயின்டுக்கு பொறுமை போயிடும், போதாக்குறைக்கு அந்த ஊசி பீம் அடி உலோகத்துல மெல்லிசா கோடும் போட்டுடும். பெரிய பல்ஸ் வர்றது மல்டிமோட், அதாவது அகலமான பீம், அடி பரவலா சமமா விழும், உங்க வேலைக்கு அதுதான்.

ரெட்ஆக்சைடு:

மேல சொன்னது அத்தனையும் சரி. நான் கோட்டிங் சைடு ஆளு, பெயின்ட் பிடிக்குமாங்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன், ஏன்னா லேசர் விக்கிறவங்க யாரும் இதை வாயே திறக்க மாட்டாங்க.

சாண்ட் பிளாஸ்டிங் ரெண்டு வேலை செய்யுது. அழுக்கை எடுக்குது, கூடவே இரும்பு மேல சின்னச் சின்ன மேடு பள்ளம் உண்டாக்குது. கனமான இபாக்ஸி சிஸ்டத்துக்கு 40ல இருந்து 75 மைக்ரான் வரைக்கும் அந்த சொரசொரப்பு கேப்பாங்க, பெயின்ட் கடிச்சுப் பிடிக்கிறது அதுலதான். லேசர் முதல் வேலைய மட்டும்தான் செய்யும். ஏற்கனவே பிளாஸ்ட் பண்ணி பெயின்ட் அடிச்ச பீஸா இருந்தா லேசர் பெயின்டை மட்டும் தூக்கிட்டு பழைய சொரசொரப்பை அப்படியே வெளிய காட்டும், அது ரொம்ப நல்ல விஷயம். ஆனா வழவழன்னு ரோல் பண்ணின தகடா இருந்தா லேசருக்கு அப்புறமும் வழவழன்னுதான் இருக்கும். வண்டி பாடிக்கு அது பெரிய பிரச்சினை இல்ல, 80 இல்லைன்னா 120 நம்பர் உப்புப் பேப்பர் ஒரு ஓட்டு ஓட்டிட்டு இபாக்ஸி ப்ரைமர் அடிச்சா போதும். வெளியில மழை உப்புக்காத்துல நிக்கிற ஸ்ட்ரக்சருக்குன்னா அந்த பெயின்ட் கம்பெனியோட டேட்டா ஷீட்ல என்ன ப்ரொஃபைல் (சொரசொரப்பு அளவு) கேக்குறாங்கன்னு படிக்காம இறங்காதீங்க.

அப்புறம் குழித்துரு. ஆழமா குழி விழுந்த இடத்துல லேசர் நேர்கோட்டுலதான் போகும், குழியோட பக்கச்சுவர்ல, மடிப்புக்கு அடியில இருக்கிற துருவுக்கு வெளிச்சமே படாது. மேல பார்க்க சாம்பல் நிறமா சுத்தமா இருக்கும், உள்ள துரு உக்காந்திருக்கும், கொஞ்ச நாள்ல பெயின்ட் கொப்பளிச்சுக்கிட்டு வரும். கன்னை ரெண்டு மூணு கோணத்துல சாய்ச்சு சாய்ச்சு அடிங்க, பிறகு டார்ச் அடிச்சு லென்ஸ் வச்சுப் பாருங்க. குழிக்குள்ள உப்பு இருந்திருந்தா நல்ல தண்ணியில கழுவி உடனே காய வச்சுடணும்.

லேசர் எண்ணெய் பிசுக்கையும் சேர்த்து எடுத்துடும், அதாவது இரும்பு அப்படியே அம்மணமா நிக்கும். ஈரக்காத்து இருந்தா சில மணி நேரத்துலயே மெல்லிசா ஆரஞ்சு பூக்க ஆரம்பிச்சுடும். அன்னைக்கு எவ்ளோ ப்ரைமர் அடிக்க முடியுமோ அவ்ளோதான் அன்னைக்கு லேசர் போடணும்.

கண்_முதல்ல:

மெஷின் எதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க தயவு செஞ்சு.

இந்த ரெண்டு மெஷினும் கிளாஸ் 4 லேசர். 500 மில்லிவாட்டுக்கு மேல போனாலே கிளாஸ் 4, நீங்க பேசுறது 200 வாட், 1500 வாட். 1064 நானோமீட்டர் கருவிழி வழியா தடையே இல்லாம போய் கண் லென்ஸ்ல குவிஞ்சு விழித்திரையில ஒரு புள்ளியா விழும். வெளிச்சம் தெரியாததால கண் தானா மூடாது, விழித்திரைக்கு வலி உணர்வும் கிடையாது, அதனால பட்டது கூட அப்பத் தெரியாது, பார்வையில ஒரு கறுப்புப் புள்ளி வந்த பிறகுதான் தெரியும், போன பார்வை திரும்பி வராது. நேரடி பீம் மட்டும் இல்ல, பளபளப்பான தகட்டுல பட்டுத் திரும்பினதும் போதும், பட்டறை வாசல்ல நின்னு வேடிக்கை பார்க்கிற பையனுக்கும் அதேதான். கன்ல தெரியிற சிவப்புப் புள்ளி குறி பார்க்க மட்டும்தான், அதைப் பார்த்துட்டு லேசர் சாதுவானதுன்னு நினைக்காதீங்க.

வெல்டிங் கண்ணாடி இதுக்கு ஆகாது. எவ்வளவு கறுப்பா இருந்தாலும் ஆகாது, அது இந்த பவருக்குன்னு டெஸ்ட் பண்ணினது கிடையாது. லேசர் கண்ணாடி மேல அலைநீள வரம்பும் ரேட்டிங்கும் அச்சிட்டிருக்கணும், ஓடி 7 மாதிரி (ஓடி-ன்னா பீமை எவ்வளவு குறைக்கும்ங்கிற அளவு). இதுல பலர் தவற விடுற ஒரு இடம் இருக்கு. ஐரோப்பிய ஈஎன் 207 தரத்துல கண்ணாடி மேல டி, ஐ, ஆர், எம்னு எழுத்து போட்டு பக்கத்துல எல்பி நம்பர் (எவ்வளவு தாங்கும்ங்கிற அளவு) இருக்கும். டி-ன்னா கன்டினியுவஸ் லேசருக்கு, ஆர்-ன்னா நானோசெகண்ட் பல்ஸுக்கு. டி மட்டும் போட்ட கண்ணாடிய மாட்டிக்கிட்டு பல்ஸ் மெஷின்ல நின்னீங்கன்னா உங்களுக்குப் பாதுகாப்பு இருக்கான்னே சொல்ல முடியாது. மெஷினோட ஓசியில வர்ற பச்சைக் கண்ணாடியில எந்த அச்சும் இல்லைன்னா அதை ஓரமா வச்சுட்டு ரேட்டிங் உள்ளதா வாங்குங்க, உள்ள இருக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒண்ணு.

மூணு-இன்-ஒன் மெஷின்ல இன்னொரு ஆபத்து. வெல்டிங் மோடுல ஒரு கிளிப்பை ஜாபுல (வேலை பார்க்கிற பீஸ்ல) மாட்டி, நாசில் ஜாபைத் தொட்டாதான் லேசர் வரும்னு ஒரு பாதுகாப்பு வச்சிருப்பாங்க. கிளீனிங்ல கன் ஜாபைத் தொடாம தூரத்துல நிக்கும், அதனால பல மெஷின்ல அந்த மோடுல இந்தப் பாதுகாப்பு வேலை செய்யாது, ட்ரிகர் அழுத்தினா எந்தப் பக்கம் காட்டினாலும் பீம் போகும். அதனால வேலை செய்யிற இடத்தை தனியா அடைச்சு, லேசருக்குன்னு ரேட் பண்ணின திரை போட்டு, கதவு திறந்தா மெஷின் நிக்கிற மாதிரி இன்டர்லாக் வைங்க.

புகை பத்தியும் சொல்லணும். பெயின்ட் மாயமா மறையல, காத்துல நுண்துகளாவும் ஆவியாவும் மாறுது, அவ்ளோதான். பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், பழைய சிவப்பு ப்ரைமர்ல முக்கியமா. மஞ்சள் ஜிங்க் குரோமேட் ப்ரைமர்ல இருக்கிற குரோமியம் புற்றுநோய் உண்டாக்குற வகை. டூ-கே பியூ பெயின்ட் (ஹார்டனர் கலந்து அடிக்கிற பாலியூரித்தேன்) சூடானா ஐசோசயனேட்ங்கிற நச்சு வரும், அது ஒரு தடவை ஆஸ்துமாவ கிளப்பி விட்டா அப்புறம் ஆயுசுக்கும் விடாது. கால்வனைஸ் தகட்டுல அடிச்சா துத்தநாகப் புகை, ராத்திரி குளிரும் காய்ச்சலுமா கிடக்க வேண்டி வரும், அதுவும் இல்லாம அந்த துத்தநாகக் கோட்டையும் இழந்துடுவீங்க. புகை உறிஞ்சி கண்டிப்பா வேணும், நுண்துகள் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டரும் ஆவி பிடிக்கிற கரி ஃபில்டரும் சேர்ந்தது, அதோட வாய் அடிச்ச இடத்துக்குப் பக்கத்துலயே இருக்கணும். துணி மாஸ்க் எல்லாம் இதுக்கு நிக்காது.

தொட்டிமுறை:

ஒரு மாற்றுக் கருத்து. வைஸ், ஸ்பேனர், சின்ன வார்ப்பு சாமான் இதுக்கெல்லாம் லேசர் எதுக்குங்க? வாஷிங் சோடா கலந்த தண்ணியில எலக்ட்ரோலிசிஸ் (கரண்ட் பாய்ச்சி துரு எடுக்கிறது) போட்டுட்டு நீங்க வேற வேலை பார்க்கலாம், குழிக்குள்ள இருக்கிற துரு கூட இளகி வந்துடும், நல்ல இரும்பு ஒரு துளி குறையாது. சாமானுக்கு எதிர்ல வர்ற பாசிட்டிவ் முனைக்கு சாதா இரும்புத் தகடு மட்டும் வைங்க, எவர்சில்வர் வேண்டாம், அதுல இருந்து நச்சுக் குரோமியம் தண்ணியில இறங்கும். ஹைட்ரஜன் வர்றதால காத்தோட்டமான இடத்துல பண்ணுங்க. சிட்ரிக் ஆசிடும் நல்லாவே வேலை செய்யும், ஆனா ஸ்பிரிங், ஹை டென்சில் போல்ட் இதை ஆசிட்ல போடாதீங்க, ஹைட்ரஜன் உள்ள புகுந்து உடைஞ்சு போகும்.

தொட்டியில முக்க முடியாத பெரிய சாமான், பேரிங் பக்கம், பிரிக்க முடியாத அசெம்பிளி, எழுத்து செதுக்கின பிளேட், லேசருக்கு உண்மையான இடம் அங்கதான்னு நினைக்கிறேன்.

பட்டறைவாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்ல. கண்ணாடி எழுத்து விஷயம் எனக்கு சுத்தமா தெரியாது, இப்பவே குறிச்சு வச்சுக்கிட்டேன். கன்டினியுவஸ் மெஷினை விட்டாச்சு. இன்னும் ரெண்டு சந்தேகம். பெயின்ட் கலரைப் பொறுத்து லேசர் வேகம் மாறுமா? ஒரு டெமோல கறுப்பு பெயின்ட் சட்டுனு போச்சு, வெள்ளை பெயின்ட்ல திணறிச்சு. அப்புறம் அந்த பட்டிய லேசர் எடுக்குமா? லேத் பெட் சறுக்குற முகத்துல போடலாமா?

பழம்பொருள்_பராமரிப்பு:

கலர் கேள்விக்கு நான் வர்றேன், ஏன்னா இந்தத் தொழில்நுட்பம் பிறந்ததே அந்த வித்தியாசத்துலதான். 1960ல அமெரிக்க இயற்பியலாளர் மைமன் ரூபி லேசரை ஓட்டிக் காட்டினார், அந்தப் பத்தாண்டிலேயே ஆர்தர் ஷாலோ, பின்னாடி 1981ல நோபல் வாங்கினவர், காகிதத்துல டைப் அடிச்ச எழுத்தை லேசரால அழிச்சுக் காட்டினார். கறுப்பு மை உறிஞ்சி ஆவியாச்சு, வெள்ளைக் காகிதம் அப்படியே இருந்தது. 1970கள் தொடக்கத்துல ஜான் ஆஸ்மஸ்ங்கிற இயற்பியலாளர் வெனிஸுக்கு சிலைகளை ஹாலோகிராம் (லேசரால எடுக்கிற முப்பரிமாணப் படம்) எடுக்கப் போனார், போன இடத்துல ரூபி லேசரை பளிங்கு மேல படிஞ்ச கறுப்புப் புறணியில அடிச்சுப் பார்த்தப்ப புறணி மட்டும் போய் வெள்ளைக் கல் நின்னுச்சு. கல் சிலை சுத்தம் பண்ற எங்களுக்கு அது ஒரு பெரிய கொடை, ஆசிட்டும் உளியும் தொட முடியாத செதுக்கல் எல்லாம் அதனால தப்பிச்சது.

உங்க டெமோல நடந்ததும் அதேதான். வெள்ளை பெயின்ட்ல இருக்கிற டைட்டானியம் டை ஆக்சைடு 1064 நானோமீட்டரை சிதறடிச்சு வெளிய அனுப்பிடும், கறுப்புல இருக்கிற கார்பன் உறிஞ்சிக்கும். கிளியர் கோட் பல நேரம் இந்த அலைநீளத்துக்கு கண்ணாடி மாதிரிதான், பீம் அதைத் தாண்டிப் போய் அடி கோட்டை வெடிக்க வச்சு மேல் கோட்டையும் சேர்த்து உரிச்சுக்கிட்டு வரும். விமானத்துல பெயின்ட் எடுக்கிற பெரிய ரோபோக்கள்ல கார்பன் டை ஆக்சைடு லேசர் போடுறது இதனாலதான், அந்த 10.6 மைக்ரான் அலைநீளத்தை பெயின்டோட பிசினே உறிஞ்சிக்கும், கலர் பெருசா பொருட்டில்ல, உலோகம் நல்லா திருப்பி அனுப்பிடும். ஆனா அதை சாதா ஃபைபர் வழியா கைக்குக் கொண்டு வர முடியாது, கண்ணாடி ஃபைபரே அதை உறிஞ்சிடும், அதனால பட்டறைக்கு ஒத்து வராது.

ஃபைபர்_சர்வீஸ்:

பட்டிக்கு லேசர் வேண்டாம். தடிமனா இருக்கும், கருகும், நாத்தம் தாங்காது, ஒரு சாண் இடத்துக்கே நேரம் போயிடும். ஸ்கிரேப்பர், சாண்டர் வச்சு பெரும்பகுதிய எடுத்துட்டு, மீதி ஒட்டிக்கிட்டிருக்கிற படலத்துக்கும் மடிப்பு, ஸ்பாட் வெல்டு, ஓரத் துருவுக்கும் லேசர் வைங்க. பெயின்டும் ரொம்ப தடிமனா இருந்தா மேல் கோட்டுகளை வேற வழியில எடுத்துட்டு கடைசிக்கு லேசர் வர்றதுதான் நேரமும் மிச்சம், ஃபில்டரும் மிச்சம்.

லேத் பெட் சறுக்குற முகத்துல நான் போட மாட்டேன். அங்க மைக்ரான் கணக்கு, கையால ஸ்கிரேப் பண்ணின தடம் இருக்கும், எண்ணெயும் பிளேடும் நைஸ் ஸ்காட்ச் பிரைட்டும் போதும். பெட்டோட பக்கவாட்டு, அடி, வார்ப்பு மேல இருக்கிற பழைய பெயின்ட், இதுக்கு தாராளமா போடலாம். சறுக்கு முகத்தை மூடி வச்சுக்கோங்க, முடிச்ச உடனே எண்ணெய் தடவிடுங்க.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியது தூரம். லென்ஸ் குவியம் குறிப்பிட்ட தூரத்துலதான், கை முன்ன பின்ன போனா சத்தமே மாறும், நல்லா பிடிக்கிறப்ப படபடன்னு கூர்மையா கேக்கும், விலகினா மந்தமாயிடும், கொஞ்ச நாள்ல காதே சொல்லிக்குடுத்துடும். கன்னை செங்குத்தா வைக்காம லேசா சாய்ச்சுப் பிடிங்க, அலுமினியம், பித்தளை, செம்புல முக்கியமா, திரும்பி வர்ற பீம் லேசர் உண்டாக்குற சோர்ஸையே அடிச்சுடும். கன் வாயில லென்ஸுக்கு முன்னாடி இருக்கிற பாதுகாப்பு கண்ணாடியில ஒரு தூசி உக்காந்தா அது சூடாகி கருகி கண்ணாடி வெடிக்கும், தினமும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல துடைங்க, ஸ்பேர் கையில வச்சிருங்க. பக்கத்துல எண்ணெய்த் துணி, தின்னர் டப்பா இருக்கக் கூடாது, பெட்ரோல் டேங்க்னா எவ்ளோ கழுவினாலும் தொடாதீங்க.

வாங்குறதுக்கு முன்னாடி உங்க சாமானையே டெமோவுக்கு எடுத்துட்டுப் போங்க. அவங்க வச்சிருக்கிற மெல்லிசு துரு பிடிச்ச பட்டைத் துண்டுல எந்த மெஷினும் அழகாத்தான் தெரியும். உங்க நாலு கோட் வெள்ளை பெயின்ட் அடிச்ச 0.8 மிமீ கதவுத் தகடு ஒண்ணு, குழி விழுந்த பீஸ் ஒண்ணு. பெயின்ட்ல ஈயம் இருக்கான்னு முன்னாடியே டெஸ்ட் பண்ணிக்கோங்க, அங்கயும் புகை உறிஞ்சி ஓடணும்ல. ஒரு சதுர அடிய முழுசா எடுக்கச் சொல்லி கடிகாரத்தைப் பாருங்க, பின்பக்கம் கை வச்சு சூடு பாருங்க, ஸ்கேல் வச்சு தகடு நேரா இருக்கான்னு பாருங்க. அந்த பீஸை வீட்டுக்குக் கொண்டு வந்து ரெட்ஆக்சைடு சொன்ன மாதிரி ப்ரைமர் அடிச்சு, காய்ஞ்சதும் கட்டம் கட்டமா கீறி டேப் ஒட்டி இழுங்க. பெயின்ட் டேப்போட வந்துச்சுன்னா அதே பீஸ்ல 80 பேப்பர் போட்டு மறுபடி பாருங்க, அப்புறம் மெஷினுக்கு அட்வான்ஸ் குடுக்கலாம்.